பாக்கெட்டில் இருந்த அக்கா

எங்கள் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் முதலில் கோட்டைப் படம்தான் இருந்தது. செஞ்சியில் எதற்குத்தான் கோட்டை போடவில்லை? சோடாவுக்குக் கோட்டை, லாட்ஜுக்குக் கோட்டை, டியூஷன் சென்டருக்கும் கோட்டை. கடைகளில் எங்கள் தூளை யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. அந்த அக்கா கொண்டுவருவதைக் கொடு என்றுதான் கேட்பார்கள். அந்த அக்கா என் அக்கா. வறுத்து அரைத்தது நான். ஸ்கூட்டியில் கடை கடையாகப் போய்ச் சிரித்துப் பேசியது அவள்.

பாக்கெட்டும் விளம்பரமும் அக்கா புருஷன் பொறுப்பு. மாமா பாக்கெட்டின் பின்பக்கம் வாட்ஸ்அப் நம்பர் போட்டு, வாங்குகிறவர்கள் சொல்வதை எல்லாம் கேட்பார். கேட்டது தப்பில்லை. காரம் தூக்கல் என்றார்கள், குறைத்தோம். கோட்டை எதற்கு, அக்கா முகத்தைப் போடுங்கள் என்றார்கள், போட்டோம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, ஒரு சிரிப்பு. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தன் முகம் குப்பையில் கிடக்குமே என்றாள். மாமா சிரித்தார். பாக்கெட் நன்றாகப் போனது.

போன வருஷம் தலைவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். தேட யாருக்கும் புத்தி இல்லை. பாக்கெட் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அவள் படம் இருந்தது, அதையே போட்டுவிட்டார்கள். அதே பட்டு, அதே சிரிப்பு, பின்னால் அதே சிவப்பு. பஸ் ஸ்டாண்ட் சுவர் பூராவும் ஒட்டினார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போதே அவலூர்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து போஸ்டரைப் பார்த்தாராம். விளம்பரம் எல்லாம் பலமாக இருக்கிறதே, புது பாக்கெட் எப்போது வரும் என்று கேட்டார். போனை எடுத்தது நான். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

காரியம் முடிந்ததும் முகத்தை எடுத்துவிடச் சொன்னேன். ஜனங்களைக் கேட்போம் என்று மாமா இரண்டு விதமாகவும் அச்சடித்தார். முகம் போட்டதும் போடாததும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. போடாதது தொங்கிக்கொண்டே இருந்தது. செத்தவள் விற்றாள். நான் போகிற இடமெல்லாம் இருந்தாள். பஜார் சாக்கடையில் மல்லாந்து கிடந்து சிரித்தாள். பாக்கெட்டைப் பிரிக்க மேல்பக்கம் வெட்டினால் கத்தரிக்கோல் அவள் நெற்றியில்தான் போகும். நெற்றி போன அக்கா எத்தனை அடுப்படியில் நின்று சிரிக்கிறாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் பக்கம் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். புதுப்புடவையும் பூவும் வைத்து வீட்டுக்குள் அழைப்போம். அது அந்தந்த வீட்டுக் காரியம். ஊருக்குப் பொதுவானது இல்லை. ஆனால் ஒரு கடையில் எவரோ பாக்கெட்டிலிருந்த அக்கா முகத்துக்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அடுத்த கடையிலும் வைத்தார்கள். கல்யாணச் சமையலுக்கு இந்தத் தூள் ராசி என்று மெசேஜ் வர ஆரம்பித்தது. மாமா அவற்றை எனக்குப் படித்துக் காட்டினார். அடுத்த அச்சில் பொட்டைப் பெரிதாக்கி, சுற்றிலும் மல்லிகைச் சரம் போடப்போவதாகச் சொன்னார். டிசைன் அவர் செல்லில் தயாராக இருந்தது.

"ஜனங்களே சாமியா ஏத்துக்கினாங்க. நம்ப இன்னா பண்றது?"

"அவ நம்ப ஊட்டுக்குத்தான் சாமி, மாமா. மொளகாத்தூளுக்கு இல்ல. ஊர்ல எல்லாரையும் கேட்டீங்களே, அவளக் கேட்டீங்களா?"

"இப்ப எப்டி அவளக் கேக்கறது?"

"அப்பவும் கேக்கல."

அவர் செல்லைக் கவிழ்த்து வைத்தார். முகம் போட்ட பாக்கெட்டில் இனி என் தூள் விழாது என்று சொன்னேன். சொன்னபடி அடுப்பு மூட்டவில்லை. மிளகாய் மூட்டை வந்து இறங்கியது, நான் தொடவில்லை. கடைகளில் சரக்கு தீர்ந்து போன் மேல் போன் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் மாமா மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் தெனம் பாக்கறதுக்கு அது ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் வீட்டில் மாட்டி வைத்துப் பாருங்கள், ஊரார் வெட்டுவதற்குக் கொடுக்காதீர்கள் என்றேன். மறுநாள் பிரஸ்ஸுக்குப் போய்ப் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது எங்கள் பாக்கெட்டில் வெறும் சிவப்பும் எழுத்தும்தான். விற்பனை பாதியாக விழுந்துவிட்டது. விழட்டும்.

போன வாரம் பஜாரில் சரக்குப் போடப் போயிருந்தேன். ஒரு பெண் எங்கள் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் இருந்த அக்கா எங்கே என்று கேட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஊட்டுக்குப் போயிட்டா" என்றேன்.

அவள் பாக்கெட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள். பக்கத்தில் தொங்கிய வேறு கம்பெனித் தூளை எடுத்துக்கொண்டு போனாள். அதில் யாரோ ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள்.