பின்போர்ஷன் மீட்டர்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நான்கு போர்ஷன்கள். மின் இணைப்பு ஒன்றுதான். கீழே முன்பக்கம் வீட்டுக்கார மாமி, பின்பக்கம் ஓர் அக்காவும் அவர் கணவரும். மாடியில் எங்களுக்கு எதிரே மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை மாமி நான்கால் வகுத்து, காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார். மாடிப்படிக்கு அடியில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு சப் மீட்டர் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை.

மகள் பிறந்த வருடம் வெயிலில் அவள் முதுகெல்லாம் வேர்க்குரு. கடன் வாங்கி ஏசி மாட்டினோம். அடுத்த பில் வந்த அன்று எதிர்போர்ஷன்காரர் மாமியிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "ஏசி ஓடுற வீட்டுக்கும் ஒத்தை ஃபேன் போடுற எனக்கும் ஒரே பில்லா மாமி? நல்ல நியாயம்!"

அவர் சொன்னது சரி. நான் எம்.சி.ஏ. படித்தவள், குழந்தைக்காக வேலையை விட்டவள். யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவள். மாமியும் கேட்டார்: "ஏண்டிம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே? இதுக்கு ஒரு வழி பண்ணப்படாதா?"

மூன்றே நாளில் தானாகக் கணக்குப் போடும் ஒரு தாளைப் பண்ணிவிட்டேன். ஒவ்வொருவரும் தங்கள் சப் மீட்டர் எண்ணைப் போனில் பதிந்தால் போதும். மெயின் மீட்டரிலிருந்து நான்கு போர்ஷன்களையும் கழித்து, மிஞ்சுவதைப் 'பொது' என்று எடுத்துக்கொள்ளும். படிக்கட்டு விளக்கும் போர்வெல் மோட்டாரும் அதில் அடங்கும். அது நான்கு பேருக்கும் சமம். யூனிட் கூடினால் யூனிட்டுக்கான கட்டணமும் ஏறும் அல்லவா, அந்த ஏற்றத்தை அதிகம் செலவழித்தவர் தலையில் கட்டும். பில் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு முழுத் தாளும் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகவே போய்விடும். அதிகம் செலவழித்த வரிசை சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பை யாரும் கேட்கவில்லை. அழகாக இருக்கும் என்று நானாகச் சேர்த்தேன்.

முதல் தாள் போவதற்கு முந்தைய வாரம் சிவப்பு எங்களுக்கு வந்துவிடுமோ என்று ஏசியை அணைத்தே வைத்தேன். பாப்பா அழுது அழுது சிவந்து போனாள். ஆனால் சிவப்பு பின்போர்ஷனுக்குத்தான் வந்தது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறைக்க அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் மருங்காபுரிப் பக்கம். கணவர் கல் உடைக்கும் கிரஷரில் வருடக்கணக்காக வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கத் தூசு. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷினை ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் மாட்டியிருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஆஸ்பத்திரி பக்கம் என்பதற்காகவே இந்த வீட்டுக்கு வந்தவர்கள். அக்கா வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுப்பார். நான் குளிக்கப் போகும்போது பாப்பாவை அவர் மடியில்தான் விட்டுவிட்டுப் போவேன். என்னைப் 'பாப்பாம்மா' என்று கூப்பிடுவார்.

"அதானே பார்த்தேன். இத்தனை நாளா நாமன்னா இவாளுக்குச் சேர்த்துக் கட்டிண்டிருந்திருக்கோம்" என்றார் மாமி.

எதிர்போர்ஷன்காரர் முற்றத்தில் நின்றுகொண்டே கேட்டார்: "அக்கா, ஆக்ஸிஜனை பாட்டில்ல அடைச்சு வெளிய விக்கிறீங்களா? எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வைங்க, டாக்டருங்களுக்கு சாம்பிள் குடுக்கலாம்."

மாமி சிரித்தார். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாம் முறையும் சிவப்பு அங்கேயே. குழுவில் பின்போர்ஷனுக்கு 'சிவப்பு வீடு' என்று பெயர் விழுந்தது. அக்கா அந்தப் பில்லை மூன்று தவணையாகக் கட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் கணவருக்கு மூச்சு முட்டி, அக்கா அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூடவே தங்கியிருந்தார். வீடு பூட்டியிருந்தது, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் மீட்டரைப் பார்க்கப் போனேன். முன்பக்கத்தில் மாமி மோட்டாரைப் போட்டார். அந்த நொடியில் பின்போர்ஷன் மீட்டரில், கரண்ட் ஓடினால் மட்டும் மின்னும் சின்ன விளக்கு படபடவென்று மின்னத் தொடங்கியது.

"மாமி, மோட்டாரை ஒருதரம் நிறுத்துங்களேன்!"

"ஏன், நோக்குத் தண்ணி வேண்டாமா?" என்றபடியே நிறுத்தினார். விளக்கும் நின்றது. மறுபடி போட்டார். மறுபடி மின்னியது.

மேலே ஓடிப்போய்த் தாளைத் திறந்தேன். பொது என்ற கட்டத்தில் இரண்டு மாதத்துக்குப் பதினொரு யூனிட். படிக்கட்டு விளக்குக்குத்தான் அது சரியாக வரும். மாமி போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து தெருவில் ஓடும் வரை இறைக்கும் மோட்டாருக்கு எப்படி வரும்? எந்தக் காலத்திலோ எந்த எலக்ட்ரீஷியனோ மோட்டார் வயரைப் பின்போர்ஷன் மீட்டரில் கொடுத்திருக்கிறார். வீடு முழுக்கக் குளித்த தண்ணீருக்கும், எங்கள் பாப்பாவின் துணி அலசிய தண்ணீருக்கும் அக்கா கட்டிக்கொண்டிருந்தார். நான்கு பேருக்கும் பொது குறைவாக வந்ததால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. கணக்குப் போட்ட நானும் கேட்கவில்லை.

மோட்டாரைத் தோராயமாகக் கழித்துப் பார்த்தேன். சிவப்பு எங்கள் வரிசைக்கு வந்து நின்றது.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "இப்ப போய்ச் சொன்னா மாமி யாரைக் கேப்பாங்க? கணக்கு போட்டது நீதான். எல்லாருக்கும் திருப்பிக் கணக்குப் பார்த்தா நம்ம தலையிலதான் விடியும். வீட்டைக் காலி பண்ணச் சொன்னா கைக்குழந்தையோட எங்க போறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். நான் ஒரு பொழுதில் பார்த்தது தப்பாகவும் இருக்கலாம், இன்னும் ஒரு பில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மறுபடி போட்டதையும் பார்த்திருந்தேன். அதற்கு மேல் என்ன உறுதி வேண்டியிருந்தது?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அக்கா ஒரு நாள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பகல்ல பதினோரு மணிலேருந்து மூணு மணி வரைக்கும் மெஷினை நிறுத்தி வெச்சிடறேன் பாப்பாம்மா. அவரு சும்மா படுத்துதானே இருக்காரு. இந்தத் தடவ செவப்பு வராதுல்ல?"

அவருக்குப் பின்னால் கட்டிலில் அவர் கணவர் படுத்திருக்கவில்லை. முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காது வரை ஏறி இறங்கின.

"வராதுன்னுதான் நினைக்கிறேன்க்கா" என்றேன்.

வந்தது. மோட்டார் ஓடும் வரை வராமல் இருக்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஏழு மணிக்குத் தாள் போனது. எட்டு மணிக்கு மாமி பின்போர்ஷன் வாசலில் நின்றார். "ஒரு வீட்டால மொத்தப் பில்லும் ஏறறது, பணமும் தவணை தவணையாத்தான் வர்றது. தப்பா நினைச்சுக்காதீங்கோ. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கோங்கோ."

நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மாமியிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா மாமி? நான்தான் எங்கயோ வீணடிச்சிருக்கேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். பாப்பா சிணுங்கினாள். அதைச் சாக்காக வைத்து மேலே ஏறிவிட்டேன்.

அந்த வாடகைக்கு, அந்த மெஷினோடு, ஸ்ரீரங்கத்தில் யாரும் அவர்களுக்கு வீடு கொடுக்கவில்லை. ஊருக்கே போனார்கள். சின்ன லாரியில் கட்டிலும் மெஷினும் ஏறிய பிறகு அக்கா பாப்பாவின் தலையில் ஒரு முழம் முல்லையை வைத்தார். முடி போதாமல் அது நழுவி நழுவி விழுந்தது.

அடுத்த பில் மார்கழிக் குளிரில் வந்தது. எங்கள் ஏசி ஓடவில்லை. இரண்டு மாதத்தில் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த பின்போர்ஷன் எண்ணை நானே பதிய வேண்டியிருந்தது. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் பதிந்தேன். நான் சொல்ல முடியாததைத் தாள் சொல்லிவிடட்டும்.

காலை ஏழு மணிக்கு ஆளில்லாத வீடு சிவப்பாக வந்தது.

முற்றத்தில் கூட்டம் கூடியது. எலக்ட்ரீஷியன் வந்து வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "யார் எப்போ பண்ணினதோ, நான் என்னத்தக் கண்டேன்? போனவாளைப் பத்தி இப்போ என்ன பேச்சு?" என்றார் மாமி. எதிர்போர்ஷன்காரர் போனைப் பார்த்தபடி வேலைக்குக் கிளம்பினார். என்னைக் கேட்பார்களோ என்று பயந்திருந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது. அக்கா. அவரைக் குழுவிலிருந்து எடுக்க மறந்திருக்கிறேன். மறந்தேனா, எடுக்க மனமில்லாமல் விட்டேனா, இன்றும் தெரியவில்லை.

"பாப்பாம்மா, எல்லாத்தையும் அணைச்சுப் பூட்டிட்டுதானே வந்தேன்? மறுபடி செவப்பு காட்டுதே. எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா? மாமி கோவிச்சுக்கிட்டாங்களா?"

சொன்னேன். மோட்டார், வயர், எல்லாம்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது பாப்பாம்மா?"

"இன்னிக்குக் காலைலதான்க்கா."

"அது சரி. இப்பவாச்சும் தெரிஞ்சுதே."

போனை வைக்காமலே அவர் நடந்து போவது கேட்டது. அதுவரை அந்தப் பக்கம் மெஷின் சத்தம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பதினொன்றிலிருந்து மூன்று வரை நிறுத்தும் வழக்கத்தை ஊரிலும் விடவில்லை. சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. பிறகு மெஷின் மூச்சு விடத் தொடங்கியது.