வால்வு என்றார் வல்லுநர்

முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடியவர் அவர். நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவார். தெருவில் பதித்திருக்கும் மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை விட்டுத் திருகுவார். சற்று நேரத்தில் நூறு வீட்டுக் குழாய்கள் இருமத் தொடங்கும். தண்ணீர் வந்த நாளில் யாரும் அவரை நினைத்ததில்லை. வராத நாளில் அவருடைய குடும்பத்தையே நினைத்தார்கள். ஊருக்கெல்லாம் அவர் வால்வுக்காரர்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வாய்த்த ஒரே மேலதிகாரி தொலைக்காட்சிச் செய்தி. மழை வரும் என்று அது சொல்லிவிட்டால், கொளுத்தும் வெயிலில் கொடியிலிருக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வருவார். வெளியே எட்டிப் பார்க்கச் சொல்வாள் மனைவி. அவ்வளவு படித்தவர்கள் வேலையற்றா சொல்கிறார்கள் என்பார் இவர்.

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் செயலாளர், வாரியத்தில் தபால் பிரிவில் இருந்தவர், செய்தி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க இருபது பேருக்கு அனுமதி வாங்கினார். முதலில் பெயர் கொடுத்தவர் வால்வுக்காரர்.

சுற்றிக் காட்ட வந்த பெண் பொறுமைசாலி. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் தினமும் தெரிகிற நகரம், கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு பச்சைத் துணி. ஒரு மூலை அவிழ்ந்துவிடாமல் இருக்கத் துணி கிளிப் மாட்டியிருந்தார்கள். பளபளக்கும் மேசைக்கு முன்பக்கம் மட்டுமே பளபளப்பு. வாசிப்பவர் மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருந்தார். வால்வுக்காரருக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்தது. குழிக்குள் இறங்கி நிற்கும்போது தன்னையும் இடுப்புக்குக் கீழே யார் பார்த்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டி, இதை அழுத்தினால் ‘அவசரச் செய்தி’ என்று திரையில் ஓடும் என்றாள் அந்தப் பெண். என்ன அவசரம் என்று கேட்டார் இவர். அது அப்புறம் வரும் என்றாள்.

அப்போதுதான் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். விவாதம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. தண்ணீர் வல்லுநர் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். உங்களில் யாருக்காவது தண்ணீரைப் பற்றித் தெரியுமா என்றார். செயலாளரின் கை பாதி உயர்வதற்குள் மற்றவர்களின் விரல்கள் எல்லாம் வால்வுக்காரரைச் சுட்டிக் காட்டின. முகத்தில் பவுடர் அப்பி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“நீங்க பேசணும்னு இல்ல சார். அப்பப்ப தலையை ஆட்டுங்க, போதும்” என்றார் தயாரிப்பாளர்.

ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் பன்னிரண்டு நிமிடம் ஒரே நேரத்தில் பேசினார்கள். இவர் இருவருக்கும் தலையாட்டினார். இத்தனை நாளும் ‘தண்ணீரின்றி நகரமே தவிக்கிறது’ என்றுதான் செய்தியில் கேட்டிருந்தார். தவிப்பது நூலகத் தெரு என்று இந்தச் சண்டையின் நடுவில்தான் தெரிந்தது. நெறியாளர் சட்டென்று இவர் பக்கம் திரும்பினார்.

“ஒன்பது நாளா அந்தத் தெருவுக்குத் தண்ணி இல்ல. இதுக்கு யார் பொறுப்பு?”

“மூணாவது வால்வுங்க” என்றார் இவர். “பத்து நாளைக்கு முன்னாடி அந்தத் தெரு முக்குல ஒடைஞ்ச பைப்பை ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் பார்த்தேன். அப்ப மூடினதைத் திறக்க மறந்திருப்பாங்க. பதினஞ்சு சுத்து சுத்தினா வந்துடும்.”

நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். விவாதம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

“அதாவது, அரசு தோத்துப் போச்சுங்கறீங்க?”

“இல்லீங்க. வால்வு.”

“அப்ப இது எதிர்க்கட்சியோட சதி?”

“வால்வுங்க” என்றார், காது கேட்காதவரிடம் சொல்வதுபோல மெதுவாக.

உடனே விளம்பர இடைவேளை வந்தது. அது முடிந்தபோது அந்த நாற்காலியில் செயலாளர் இருந்தார். இது எல்லாத் தரப்பும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம் என்று அவர் நாற்பது நிமிடமும் விதவிதமாகச் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற வால்வுக்காரர், திரையின் அடியில் ஓடிய வரியைப் படித்தார்: ‘வால்வில் மர்மம்! வல்லுநர் பகீர்!’ மர்மம் எதுவும் இல்லை என்று சுற்றிக் காட்டிய பெண்ணிடம் முறையிட்டார். அவள் கேன்டீனைப் பார்க்கலாமா என்றாள். வீடு திரும்பியதும், தொலைக்காட்சியில் சட்டை நன்றாக எடுத்துக் காட்டியதாக மனைவி சொன்னாள்.

மறுநாள் காலை, தன் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நூலகத் தெருவுக்குப் போனார். குழியின் மூடிமேலேயே மைக்கோடு நின்று, தெருவின் தாகத்தை நேரலையில் விவரித்துக்கொண்டிருந்தார் ஒரு நிருபர். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார் இவர். பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார் அவர். பொறுத்தார்கள். பிறகு அந்தப் பெண் சாவியைப் பிடிக்க, இவர் எண்ணினார். பன்னிரண்டாவது சுற்றிலேயே தெருக் குழாய் சீறியது.

கேமரா அந்தப் பக்கம் திரும்பப் போனது. “தண்ணியைக் காட்டாதீங்க” என்று நிருபர் தடுத்தார். “மேல தலைப்பு வறட்சின்னு ஓடுது.”

இப்போதெல்லாம் செயலாளர் வாரத்துக்கு மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்காருகிறார். போன வாரம் நிலநடுக்கம் பற்றிப் பேசினார். செய்தியில் மழை என்றாலும், வால்வுக்காரர் வீட்டில் துணி சாயங்காலம்வரை கொடியில் காய்கிறது.