இரண்டாவது உருட்டுக்குப் பிறகு

ஆர்.ஈ.ஆர். ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்மணி, என் இயர்போனிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்டு, “பிரெதோன்?” என்றார். ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, “நோன் மதாம், ஜாஃப்னா” என்றேன். அவர் கேட்டது வாத்தியத்தை. பை வைத்து ஊதும் குழலென்றால் பிரெஞ்சுக்காரருக்கு, பிரெதோன் ஆட்களின் பிரெத்தாஞ் பகுதிதான் ஞாபகம் வரும். என் காதில் இருந்ததோ ஸ்காட்லாந்தின் பாக்பைப்.

மகள் நிலா மணக்கவிருந்த இயன் ஸ்காட்லாந்துக்காரன். அவனுடைய தகப்பன் ஒரு பாக்பைப் குழுவில் ஊதுபவர். கல்யாண இசை முழுவதும் தன் பொறுப்பு என்றுவிட்டார். மேளம் பேசும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. “நாங்கள் வெளியிலை நிப்பம், மண்டபக் கதவு பூட்டியிருக்கும் அப்பா. சத்தத்தை வைச்சுத்தான் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வரவேணும்” என்று நிலா ஒலித்துண்டுகளை அனுப்பிவிட்டு, தொலைபேசியில் பரீட்சை வைத்தாள்.

“பிடில்?”

“ஆக்கள் வந்து இருக்கினம்.”

“ஹார்ப்?”

“மாப்பிளை வாறார்.”

“அக்கோர்டியன்?”

“மெத்ரோவுக்கை ஏறிட்டம். அங்கைதானே அதை வாசிச்சுக் காசு கேக்கிறவை.”

“அப்பா! அது சாப்பாட்டுக்குப் பிறகு, ஆட்டத்துக்கு!”

பிடில் நம்முடைய வயலின்தான். ஆனால் சுரத்தை இழைக்காமல், வில்லைக் குறுக்கி வெட்டி வெட்டி வாசிக்கிறார்கள். கால் தானாகத் தட்டுகிறது. நாதஸ்வரத்துக்கு இருப்பதுபோல் சுருதிக்கென்று தனியாக ஒத்து ஊத ஓர் ஆள் பாக்பைப்புக்குத் தேவையில்லை. பாட்டுக்கு அடியில் அதன் ஒத்து அறாமல் நிற்கும். குழுவாக வாசித்தால் முதலில் முரசு இரண்டு முறை உருளும். இரண்டாவது உருட்டில் ஒத்து எழும், பிறகு பாட்டு. அந்தப் பாட்டுக்கு நாங்கள் காலெடுத்து வைக்க வேண்டும்.

அதில் பிசகிவிடுவேனோ என்று பயந்தேன். எனக்கு விசா கிடைக்காத காலத்தில், லா ஷப்பேலில் வாடகை மண்டபமொன்றில் நடந்த என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கசெட்டில் இருந்தது. நண்பன் ரேடியோவிலிருந்து பதிந்திருந்த மறுபக்கத்தைப் பிழையாகப் போட்டுவிட்டான்; சவர்க்கார விளம்பரம் முழங்க நான் தாலி கட்டினேன். “எங்களுக்கு இன்னும் கலியாணம் முடியேல்லை” என்று மனைவி ரஞ்சி இப்போதும் குத்திக்காட்டுவாள். மகளின் கல்யாணத்தில் நான் பிந்தினால், அங்கே நானும் ஒரு விருந்தாளி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கல்யாணத்தன்று சார்செல் மண்டபத்தின் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, பிடிலையும் ஹார்ப்பையும் நிலாவுக்குச் சரியாகச் சொன்னேன். முதல் உருட்டு கேட்டது, கதவு திறந்தது. நிலாவின் கையை இறுக்கினேன், இன்னும் இல்லை என்பதுபோல. எங்களுடைய சனத்துக்கோ யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை. கல்யாண வீட்டில் அப்படி முழங்கினால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

“கெட்டிமேளம்! போடுங்கோ, போடுங்கோ!” என்று கத்தியது ரஞ்சியேதான்.

பின்வரிசைகள் முழுவதும் வாசலை நோக்கி அட்சதையாக அறுகரிசி எறிந்தன. மாப்பிள்ளை மறுமுனையில், தாலி இன்னும் தட்டில் இருக்க, தனியே நின்றான். ஸ்காட்லாந்து உறவினர்கள் இதுதான் எங்கள் வழக்கம் என்று எண்ணி எழுந்து கைதட்டினார்கள்.

இரண்டாவது உருட்டு. ஒத்து. பாட்டு.

“இப்ப, அப்பா.”

“தெரியும்” என்றேன். தெரிந்துதான் இருந்தது. கால்தான் எழவில்லை.

பாட்டு ஒரு சுற்று முடிந்தது. குழுவின் முன்னால் நின்ற சம்பந்தி என்னைப் பார்த்தார். நிறுத்தாமல் மறுபடியும் முதலிலிருந்து ஊதத் தொடங்கினார். வாசற்படியில் நின்றபடி நிலா என் தலைமுடியிலிருந்து அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தாள், அவசரப்படவில்லை.