ஒற்றை நாற்றும் பக்கத்து வயல்காரரும்

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றின் முற்றத்தில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, புல்லுக்குள் களை மெசின் தள்ளிக் காட்டியவள் நான். அப்போது கொழும்பில் வெளிநாட்டுக் காசில் நடந்த நெல் திட்டம் ஒன்றில் பயிற்சி அலுவலர். இப்போது ஓய்வு. விரிவாக்க வேலைக்குப் போகிற பிள்ளைகள் வந்து, அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். எப்படிச் செய்தோம் என்பதைவிட, எப்படிக் கெட்டது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

1. குழிக்கு ஒன்று

யுத்த காலம். அலுவலகம் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். பாமன்கடையிலிருந்து நடந்துதான் போவேன், வழியில் இரண்டு இடத்தில் அடையாள அட்டை காட்டியபடி.

நாங்கள் பரப்பிய முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. பத்து நாள் நாற்றைப் பிடுங்கி, கயிறு பிடித்து, இடைவெளி விட்டு, குழிக்கு ஒன்றாக நட வேண்டும். வயலில் தண்ணீர் தேங்கக் கூடாது, ஈரம் இருந்தால் போதும். இடையில் காய்ந்து மயிர் வெடிப்பு விட்டாலும் நல்லது, வேர் ஆழம் போகும். தண்ணீர் நிற்காத வயலில் களை வரும். அதற்குத்தான் கையால் தள்ளும் மெசின், இரும்புச் சக்கரத்தில் பல்லு வைத்தது. நட்ட புதிதில் தண்ணீர் மூடினால் மட்டும் கதை முடிந்தது. சாண் உயரம்கூட இல்லாத அந்த நாற்று அழுகிப் போய்விடும்.

வடக்கில் எங்கள் திட்டம் போன வன்னிச் சனம் காலங்காலமாக வீசி விதைக்கிறவர்கள். அவர்களிடம் போய் ஒற்றை நாற்று நடச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"என்ன மிஸ், நெல்லு நடச் சொல்லுறியளோ, கத்தரி நடச் சொல்லுறியளோ?" என்று முதலில் கேட்டவர் செல்லத்துரை. அந்த ஊரில் கடைசியில் நட்டவரும் அவர் ஒருவர்தான். வவுனியாவுக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழே அவருக்கு இரண்டு ஏக்கர். மனைவி காலமாகிவிட்டார். மகள் கலியாணம் கட்டி மன்னாரில். தனி ஆள்.

இந்த முறைக்கு விதைநெல் கொஞ்சம் போதும். மற்ற விவசாயிகள் எல்லாரும், முதல் விதைப்புக் கெட்டால் திருப்பி விதைக்கவென்று ஒன்றிரண்டு மூட்டை எடுத்து வைத்திருப்பார்கள். செல்லத்துரை தன் மிச்ச மூட்டைகளைக் குத்தி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த சனத்துக்குக் கொடுத்துவிட்டார். "இனி எனக்கு அது என்னத்துக்கு, மிஸ்?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இரண்டு ஏக்கரும் அழிந்தால் அந்த வருடம் அவருக்குச் சோறும் இல்லை, விதையும் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

2. ஹோட்டலில் ஒரு விவசாயி

எங்கள் டிரெக்டருக்குக் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கூட்டம். காசு தருகிறவர்கள் வருகிறார்கள். செல்லத்துரையைக் கூப்பிடு என்றார்.

"நட்டு நாலு நாள்தான் சேர். வயல்காரன் இப்ப வயலை விட்டிட்டு வரக்கூடாது."

"ரெண்டு நாள்தானே? ஒரு விவசாயி வந்து நாலு வசனம் கதைச்சால் அடுத்த வருசமும் சல்லி வரும். இல்லாட்டி நீரும் நானும் வீட்டை போக வேண்டியதுதான்."

செல்லத்துரை மறுக்கவில்லை. கொட்டாஞ்சேனை வேர்க்‌ஷொப் ஒன்றில் அவருக்கான களை மெசின் செய்து முடிந்திருந்தது. அதையும் கையோடு கொண்டுபோகலாம் என்று வந்தார். கூட்டத்தில் நன்றாகவே பேசினார். கை தட்டினார்கள். கட்லட் கொடுத்தார்கள். மெசினைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறுநாள் பஸ்ஸுக்காகக் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கினார்.

விடியப்புறம் பொலிஸ் சுற்றிவளைப்பு. கட்டிலுக்குக் கீழே சாக்கு. சாக்குக்குள் பல்லு வைத்த இரும்புச் சக்கரம்.

"மொகக்த மேக?" இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சிங்களம் தெரியாத மனிதர், வெறுங்கையைக் காற்றில் முன்னும் பின்னும் தள்ளிக் காட்டியிருக்கிறார். வடக்கு விலாசம் போட்ட அடையாள அட்டை வேறு. ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

நான் போய் நின்றபோது பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். இது வயல் சாமான் என்றால் வயலில் அல்லவா இருக்க வேண்டும், லொட்ஜில் என்ன வேலை என்று. "மேக கும்புரட, சேர்," வயலுக்குத்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் முற்றத்தில் இறங்கித் தள்ளிக் காட்டினேன். கொன்ஸ்தாபிள்மார் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆளை விடவில்லை.

செல்லத்துரையோடு ஐந்து நிமிடம் கதைக்க விட்டார்கள். தன்னைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"நிலம் காஞ்சிருக்கும் மிஸ். செத்துப்போகுமோ?"

"காஞ்சாலும் சாகாது. கொஞ்சம் வெடிச்சாலும் தாங்கும். யோசிக்காதையுங்கோ."

அவருக்கும் எனக்கும் நிலம் காய்வது ஒன்றுதான் பயம். ஊருக்கு, ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

3. கரை முட்ட

இரண்டு வாரத்துக்கு மேல் அலைந்த பிறகு விட்டார்கள். மெசினையும் கொடுத்தார்கள். செல்லத்துரை நேரே வெள்ளவத்தை அலுவலகத்துக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அன்று மாலை ரயிலில் போகப் போகிறார். தேத்தண்ணி கொடுத்தேன். "களை இப்ப முளைச்சிருக்கும், போனவுடன மெசினைப் போட வேணும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு வயதானவர், தோளில் பை, கையில் கிராம சேவகரின் கடிதம். கந்தையா அண்ணை. செல்லத்துரையின் பக்கத்து வயல்காரர். ஆளை விடுவிக்க ஊர் அனுப்பிய மனிதர். கொழும்பை அதுவரை கண்டிராதவர், கேட்டுக் கேட்டு எங்கள் ஒழுங்கைவரை வந்துவிட்டார்.

செல்லத்துரையைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"வயலைப் பற்றி ஒண்டும் யோசியாத தம்பி. நீ இல்லாம நிலம் வெடிச்சுப்போய்க் கிடந்தது, பாக்க வயிறு எரிஞ்சுது. விடுவமே? என்ர முறைத் தண்ணியை மறிச்சு உனக்குத்தான் முதல் கட்டினனான். கரை முட்ட நிக்குது. நான் வெளிக்கிடேக்கையும் பாத்தனான், ஒரு துளி குறையேல்லை."

அங்கே அதுதான் வழக்கம். வயல்காரன் ஊரில் இல்லாவிட்டால் பக்கத்து வயல்காரன் தண்ணீர் கட்டுவான். யாரும் கேட்கத் தேவையில்லை. இதை எங்கள் பயிற்சியில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"நாத்து எப்பிடி அண்ணை?" செல்லத்துரை மெதுவாகக் கேட்டார்.

"சின்னன்தானே, தண்ணிக்கு மேல தலை தெரியேல்லை. எழும்பி வந்திடும்."

என் வாய் திறந்தது. செல்லத்துரை என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஓம் அண்ணை. பெரிய உதவி. முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அவர் உள்ளே போனதும் கேட்டேன். "ஏன் சொல்லேல்லை? அவ்வளவும் அழுகியிருக்குமே. விதைநெல்லும் இல்லை உங்களிட்டை."

"சொன்னா அந்த மனுசன் இனி ஆரின்ர வயலுக்கும் தண்ணி கட்டாது, மிஸ். நீங்களும் சொல்லாதையுங்கோ."

மாலையில் இரண்டு பேரும் ஒன்றாக ரயிலுக்குப் போனார்கள். மெசினைச் செல்லத்துரை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தப் போகம் கந்தையா அண்ணையின் வயலில் கூலிக்கு நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு விவசாயிக்குப் புது முறை சொல்லிக் கொடுக்கிறவர்கள், முதலில் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு இருத்துங்கள். செய்ய மாட்டேன் என்கிறவர்களுக்குத்தான் கூடுதலாக விளங்கப்படுத்த வேண்டும். பிறகு போன ஊரெல்லாம் நான் அப்படித்தான் செய்தேன்.

செல்லத்துரையின் ஊரில் மட்டும் அது சரிவரவில்லை. "அந்தப் பொம்பிளையின்ர ஒற்றை நாத்து, கரை முட்டத் தண்ணி கட்டியும் பிடிக்கேல்லை" என்று கந்தையா அண்ணை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் முகத்துக்கு நேரேயும் சொன்னார். செல்லத்துரை பக்கத்தில்தான் நின்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த வாய்க்காலில் அதன் பிறகு ஒருவரும் ஒற்றை நாற்று நடவில்லை.