ஊதிய விசில்

ஊதினேன். ஊதிவிட்டு, ஊதவில்லை என்று சொன்னேன்.

நான் செய்த பாவம் இவ்வளவுதான். எழுதினால் ஒரு வரி... அதைச் சொல்ல முடியாமல்தான் சில வருடங்களாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்குகிறேன். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எவரோ. தெரிந்த முகத்துக்கு நேராக இதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

நான் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன். தலையில் தக்காளிக் கூடை சுமந்துகொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குள் நுழைந்தவன். இன்று அதே மார்க்கெட்டில் எனக்குச் சொந்தமாய் மண்டி. வாசலில் என் லாரிகள். யாருடைய கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை! எழுத்துக் கூட்டி எழுதப் பழகியதே தலைமயிர் நரைத்த பிறகுதான். இதில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது. இந்த ஒரு தடவை இருக்காது.

கபடியும் எனக்கு அப்படி வந்ததுதான். முட்டி தேய்ந்து, மண்ணில் விழுந்து கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் வருடா வருடம் போட்டி நடத்துவது நான். கோப்பை என் பெயரில். நடுவரும் நானே. மகன் ஆடும் ஆட்டத்துக்கு அப்பனே நடுவரா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவிட்டதில்லை என்பதே நிஜம்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரும் சித்தேரி மலை அணியும் மோதின. மலை அணியில் தீர்த்தகிரி என்றொரு இளைஞன். ஒல்லி உடம்பு. கபடி பாடிக்கொண்டு வந்தான் என்றால் அவன் மூச்சு அறவே அறாது. அரசுத் துறை அணி ஒன்று அவனை அடுத்த மாதம் தேர்வுக்கு அழைத்திருந்தது. தேறினால் வேலை. அவன் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவனாகத்தான் இருந்திருப்பான்.

ஆட்டம் சமநிலை. கடைசியாகப் பாடி வந்தவன் அவன். எங்கள் ஆள் ஒருவனின் கையைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடி நடுக்கோட்டை மிதித்தான். கோட்டின் மேலேயே நான் நின்றிருந்தேன். மிதித்ததை என் கண்ணால் பார்த்தேன். விசில் ஊதினேன்.

அவன் நின்றான். வென்றுவிட்டோம் என்று கையைத் தூக்கினான்.

பம்பை அடி காதைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அவனுக்கு விசில் கேட்டது. பின்னாலிருந்து ஓடிவந்த என் மகனுக்குக் கேட்கவில்லை. தோளைக் கொடுத்து அவன் விலாவில் இடித்தான் பாருங்கள்... ஆள் பறந்து பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தான். முட்டி மடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

மண்ணில் கிடந்தபடியே அவன் என்னைப் பார்த்தான்.

“விசில் ஊதுனீங்களேங்க.”

கூட்டம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. ஆமாம் என்றால் கோப்பை மலைக்குப் போகும். என் பெயர் பொறித்த கோப்பை! ஆட்டம் முடிந்தபின் ஆளை அடித்தவன் என்று என் மகனைப் பேசுவார்கள். அவனுக்குக் கேட்கவில்லை என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். அது அந்த நொடியில் தோன்றவில்லை... தோன்றவில்லையா? தோன்றியது. கோப்பைதான் பெரிதாய்த் தெரிந்தது.

“ஊதலப்பா” என்றேன். “நீ நடுக்கோட்டத் தொடவே இல்ல.” புள்ளியும் கோப்பையும் எங்கள் ஊருக்கு வந்தன.

இதைவிடக் கேவலமானது அடுத்து நான் செய்தது. மலைக்காரர்கள் கொதித்துப்போய், இது ஆட்டமா அடிதடியா, விலாவில் இடிப்பதெல்லாம் செல்லுமா என்று கேட்டார்கள். நான் காத்திருந்த கேள்வி அதுதான்! உடனே மைக்கைப் பிடுங்கினேன். டேஷ் அடிப்பது விதியிலேயே உண்டு, பாடி வருகிறவனை உடம்பால் மோதி வெளியே தள்ளலாம், டிவியில் நீங்கள் பார்த்ததில்லையா என்று முழங்கினேன். சொன்னது அத்தனையும் உண்மை. பாட்டு முடிந்தபின் மோதினால் அது டேஷ் இல்லை, தாக்குதல் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஊரே அந்தத் தூண்டிலைக் கவ்வியது. தோள் முதலில் பட்டதா, கை முதலில் பட்டதா என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துக்கொள்கிறார்கள். “மாமா, உங்க பையன் அடிச்சது டேஷா, இல்ல உங்க லாரி வந்து மோதுச்சா?” என்று கடைக்காரன் ஒருநாள் கேட்டான். எல்லோரையும்விடச் சத்தமாய்ச் சிரித்தவன் நான். ஒருவன் செல்போனில் பிடித்த படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டுவான். அதில் பம்பைச் சத்தம்தான் கேட்கும். நடுக்கோடு தெரிய வேண்டிய இடத்தில் என் முதுகு தெரியும்.

விசில் என்னவாயிற்று என்று எவனும் கேட்கவில்லை. கேட்காதபடி அவர்களுக்கு வேறு சண்டையை நான் மூட்டிக் கொடுத்திருந்தேன்.

அவன் முட்டியில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தேர்வும் போயிற்று. நானே ஆளனுப்பி அவனை மண்டிக்கு அழைத்து வேலை கொடுத்தேன். இப்போது ஏலம் கூவுகிறான். அந்த மூச்சு இன்று தக்காளிப் பெட்டிக்கு விலை சொல்கிறது. “மலைக்காரப் பையனுக்கு வாழ்க்கை கொடுத்த மனுசன்” என்கிறார்கள் என்னை. நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா, நானே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்... த்தூ!

போன வாரம் ஏலம் முடிந்தபின் தீர்த்தகிரி என் மேசைக்கு வந்தான்.

மலையில் பையன்கள் போட்டி வைக்கிறார்களாம். இவனை நடுவராக நிற்கச் சொல்கிறார்களாம். இன்னும் சரியென்று சொல்லவில்லை என்றான். ஏன் என்று கேட்டேன்.

“அன்னிக்கு ஊதாத விசிலு எனக்குக் கேட்டுச்சுங்க. நாந்தான் முட்டாத்தனமா நின்னுட்டேன். அப்படிப்பட்ட காத வெச்சிக்கிட்டு நடுவுல எப்படிங்க நிக்கறது?” மேசைப் பக்கம் குனிந்தான். “ஒருக்கா மட்டும் சொல்லுங்க மொதலாளி. லேசாவாவது ஊதுனீங்களா?”

லேசாவாவது!

பாருங்கள், தப்பிக்கும் வழியையும் அவனே வெட்டி என் காலடியில் போட்டான். விசிலை வாயருகே கொண்டுபோனேன், தெரியாமல் சத்தம் வந்திருக்கும் என்றால்கூட அவனுக்குப் போதும். அவன் காது அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். கோப்பையை யாரும் பிடுங்கப் போவதில்லை. என் மண்டியும் இடிந்து விழாது. பிறகு எது தடுத்தது என்னை? இத்தனை வருடமாய் நான் நேர்மையானவன் என்று நம்பிய ஒரே ஆள் எதிரில் நின்றான். அந்த நம்பிக்கையை இழக்க எனக்கு மனம் வரவில்லை... வேறு காரணம் தேடித் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

“ஊதலடா. உனக்குப் பிரமை.”

தலையாட்டினான். அங்கேயே நின்று போன் போட்டான். எனக்கு ஒத்து வராது, வேற ஆளப் பாருங்க என்றான். அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம்.

“உங்களக் கூப்பிடச் சொல்றாங்க. நீங்க நின்னா ஒருத்தனும் எதிர்த்துப் பேசமாட்டானாம்.”

வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தப் போட்டி முடிந்திருக்கும். நான் நடுவில் நின்றிருப்பேன். கூட்டத்தில் ஓரமாய் உட்கார்ந்து அவன் என்னைப் பார்த்துக் கை தட்டியிருப்பான்.