அறுத்துப் பார்த்த ஐந்து ஃபில்டர்கள்

பஸ் கம்பெனியின் பணிமனையில் உதிரிபாக ஸ்டோரைக் கவனிப்பவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த போல்ட் எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். அப்பேர்ப்பட்டவள் அந்த வாரம் பெல்ட் கேட்டவனுக்கு பல்பை எடுத்து நீட்டினாள். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

காரணம் பன்னிரண்டாம் நம்பர் பஸ். நிறைய ஆட்களோடு பாலத்தில் ஏறும்போது இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிப்போய், நடுவழியில் நின்றுவிட்டது. நல்ல வேளையாகப் பின்னால் வந்த லாரி சுதாரித்துக்கொண்டது. ஒன்பது நாள் முன்னால் அந்த பஸ்ஸுக்கு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியவன், அதே பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவளுடைய கொழுந்தன். “ஃபில்டரை ஒழுங்கா மாட்டலை” என்று மேனேஜர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமென்று அனுப்பிவிட்டார்.

கொழுந்தன் அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். அவன் மேலே குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம் அவள் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை படியிறங்கி வந்தான்.

“அண்ணி, ரப்பர் வளையத்துல ஆயில் தடவித்தான் மாட்டினேன். கையாலயே இறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகலை. பஸ்ஸைக் கட்டி இழுத்துட்டு வந்தப்பவும் ஆயில் அளவு சரியா இருந்துச்சு. அப்புறம் எப்படி?”

“நீ மாட்டினது சரின்னா, மாட்டின சாமான்தான் சரியில்லை” என்றாள் அவள்.

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் புது கம்பெனி ஃபில்டர்கள் வந்து இறங்கியபோது, “எப்படியிருக்கு, பார்த்துச் சொல்லுங்க” என்று மேனேஜர் கேட்டிருந்தார். பழையதை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். புதியது கனத்தது. “நல்ல கனம் சார், சரக்கு இருக்கு” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அவள் செய்த பரிசோதனை அவ்வளவுதான்.

அன்றைக்கே பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் இருந்த ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து, இரண்டு பாதியையும் மேனேஜர் மேஜையில் வைத்தாள். உள்ளே காகிதம் நார்நாராகக் கிழிந்திருந்தது, மேலே இரும்புத்தூள்.

மேனேஜர் பேனாவால் கிளறினார். “இந்தத் தூள் உங்க ரம்பத்துல உதிர்ந்தது. காகிதத்தைக் கிழிச்சதும் ரம்பமா இருக்கலாமே?”

அவர் கேட்டது நியாயம். இரண்டு பாதியையும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

ஸ்டோருக்குத் திரும்பியபோதுதான் வேறொன்று உறைத்தது. அதே ஃபில்டரோடு இன்னும் முப்பத்தோரு பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டைத் தாண்டி ஒவ்வொரு பஸ்ஸும் வெளியே போகும்போது ஜன்னலோரத் தலைகளைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பக்கத்துக் கடை பிளம்பரிடம் போய்ப் பெரிய பைப் கட்டரை இரவல் கேட்டாள். அதன் சிறு சக்கரம் சுற்றிச்சுற்றி அழுத்தி வெட்டும்; தூள் விழாது.

“எந்தக் குழாயக்கா வெட்டப் போறீங்க?”

“குழாய் இல்லைப்பா, என் தலையெழுத்தை.”

முதலில் பிரிக்காத பெட்டிகளிலிருந்து பழையது ஒன்று, புதியது ஒன்று எடுத்து வெட்டினாள். பழையதில் மடிப்புக் காகிதத்தின் இரு முனையிலும் தகரமூடி. சுற்றிலும் இடைவெளியில்லாமல் பசை. எண்ணினாள், அறுபத்திரண்டு மடிப்பு. புதியதில் மூடி வெறும் அட்டை. பசை அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி. மடிப்பு முப்பத்தெட்டுதான். காகிதங்களைத் தரையில் விரித்தாள். பழையது கதவிலிருந்து ஜன்னல்வரை போனது. புதியது பாதி வழியில் முடிந்துவிட்டது. கனமெல்லாம் வெளித்தகரத்தில். தடித்த தகரத்தைப் போட்டு ஆளை ஏமாற்றியிருந்தார்கள்; ஏமாந்தது அவள்.

மத்தியானம் ஏழாம் நம்பரும் இருபதாம் நம்பரும் உள்ளே வந்தன. ஃபில்டர்களைக் கழற்றச் சொன்னாள். ஃபோர்மேன் தயங்கினார். “ஆர்டர் இல்லாம எப்படிம்மா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. வர்றது எனக்கு வரட்டும்.”

இரண்டையும் மேனேஜர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அவர் கண்ணெதிரிலேயே கட்டரைச் சுற்றினாள். சக்கரம் இரண்டு தரம் வழுக்கியது. ஏழாம் நம்பரில் காகிதம் அட்டையை விட்டுப் பிரிந்து, விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. இருபதாம் நம்பரில் காகிதத்தில் ஒரு கீற்றையே காணோம்.

“இந்த இடத்துல இருந்த காகிதம் எங்கம்மா?”

“இன்ஜினுக்குள்ள, சார்.”

மேனேஜர் போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் எல்லா பஸ்ஸும் திரும்பி வந்தன. கொழுந்தனையும் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர் இன்ஜினைப் பிரித்தவனே அவன்தான். பேரிங்குக்கு ஆயில் போகும் துளையில் காகிதக் கூழ் அடைத்துக்கொண்டிருந்தது; ஆயில் போகாமல்தான் இன்ஜின் இறுகியிருந்தது.

அறிக்கையில் அவள், ‘எடை பார்த்து இதை ஏற்றுக்கொண்டது நான்’ என்று எழுதினாள். “இதை எழுதணும்னு கட்டாயம் இல்லையே” என்றார் மேனேஜர். அவர் சொன்னதைக் கேட்காமல் அப்படியே கொடுத்துவிட்டாள். கண்டனக் கடிதம் ஒன்று அவள் பெயரில் வந்தது.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றான்.

“தூக்கிப் பார்த்தே சொல்லிட்டீங்களா அண்ணி?”

“ஆமா.”

“நாலு நாள் என் கைமேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.”

இரண்டு நாள் சாமான் வாங்க அவன் வேறு ஆளை அனுப்பினான். மூன்றாம் நாள் வேறொரு கம்பெனியின் ஃபில்டர்கள் வந்து இறங்கின. முதல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கட்டரில் பொருத்தியபோது, அவன் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“நீங்க வெட்டுங்க. மடிப்பை நான் எண்ணுறேன்” என்றான்.