இன்னா வெல சொல்லு பாக்கலாம்

பஸ் இன்னும் கள்ளக்குறிச்சியைத் தாண்டவில்லை. அதற்குள் இருசாயி பைக்குள் கையை விட்டு ஒரு காலிஃபிளவரை வெளியே எடுத்துவிட்டாள். பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்து, "இன்னா வெல சொல்லு பாக்கலாம்?" என்றாள். அந்தப் பெண் சற்று மிரண்டு, "நாப்பதா?" என்றாள். இருசாயி தலையை ஆட்டினாள். "முப்பது?" அதற்கும் ஆட்டினாள். "சரி, நீயே சொல்லுக்கா" என்று அவள் கையை விரித்த பிறகுதான் இருசாயியின் இடக்கை தலைக்கு மேலே உயர்ந்தது. அதில் ஒரே ஒரு விரல் நீண்டிருந்தது.

ஒரு விரலுக்குப் பத்து ரூபாய். ஐந்து விரலும் விரிந்தால் ஐம்பது. வாயால் விலையைச் சொல்ல மாட்டாள், கைதான் சொல்லும். எப்போதும் இடக்கை, ஏனென்றால் வலக்கை பொருளைப் பிடித்திருக்கும். அதற்கு மேல் போனால் விரல் பற்றாதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, அந்த மாதிரிப் பொருள் எதையும் அவள் வாங்குவதில்லை. காசே கொடுக்காமல் கிடைத்த பொருள் என்றால் மட்டும் விரல் ஒன்றும் நீளாது. மூடிய முஷ்டி தலைக்கு மேலே போய் அப்படியே நிற்கும். அன்றைக்கு அவள் முகத்தில் இருக்கும் களையைப் பார்க்கவேண்டும்.

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் வீடு. கரும்பு வெட்டும் காலத்தில் கரும்புக் காட்டில் கூலி, மற்ற நாளில் களையெடுப்பு. ஒடிசலான உடம்பு, அரைக்கிழம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சந்தைக்குள் அவள் நடக்கிற வேகத்துக்கு வயசுப் பெண்கள் பின்னால் ஓடவேண்டும். ஆனால் அவள் சந்தைக்குப் போகிற நேரம்தான் வேடிக்கை. ஊரே பையை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது அவள் எதிரே போய்க்கொண்டிருப்பாள். வியாபாரிகள் சாக்கை மடிக்கத் தொடங்கிய பிறகு, மிச்சம் கிடக்கிற கூறுக்கு முன்னால் போய் நிற்பாள். பேரம் பேசமாட்டாள். "பஸ்ஸு வந்துடப் போவுதுண்ணே, இத்த வேற தூக்கிக்கினு போவப்போறியா?" என்று அந்த மனிதருக்காகக் கவலைப்படுவாள். அவரும் சலித்துப்போய் மொத்தத்தையும் அவள் பையில் கொட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

கசங்கின தக்காளி அன்று இரவே தொக்காகிவிடும். முட்டைக்கடையில் கீறல் விழுந்த முட்டைகளைத் தனியே வைத்திருப்பார்கள். தூக்குவாளியோடு போய் அங்கேயே உடைத்து ஊற்றிக்கொண்டு வருவாள். கருவாட்டுக் கடையில் சாக்கின் அடியில் சேரும் உடைசல், அரிசி மண்டியில் நொய், முள்ளங்கி வாங்கினால் அதன் கீரை, தர்பூசணி தின்றால் அதன் வெள்ளைச் சதையில் கூட்டு. எலுமிச்சைச் சோற்றில் முந்திரி போடுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருக்கும். "நம்மூரு மல்லாட்டக்கி இன்னா கொறச்சலு?" என்று நிலக்கடலைக்காக வாதாடுவாள்.

வருஷத்துக்கு ஒருமுறை மலையேறுவாள். வெள்ளிமலையில் கொட்டை எடுக்காத புளியும் சாமையும் வாங்கி மூட்டையோடு இறங்குவாள். புளியங்கொட்டையை டி.வி. பார்த்துக்கொண்டே எடுத்துவிடலாம், அதற்கு எதற்கு இன்னொருத்தனுக்குக் கூலி என்பது அவள் கட்சி. சாமை மட்டும் அவளைக் கைவிட்டுவிட்டது. "சுகரு வந்தவங்க எல்லாம் தின்ன ஆரம்பிச்சாங்க பாரு, அதோட அது ஏறிப்போச்சி. இப்ப அரிசிய வுட ஜாஸ்தி சொல்றான். நோவு வராதவங்க இன்னாத்த தின்றது?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி நியாயம் கேட்பாள்.

தோற்றதே இல்லையா என்றால், உண்டு. ஒருமுறை உடைசல் தேங்காய் என்று சாக்கோடு அள்ளிவந்து, வீட்டில் பிரித்தால் பாதிக்கு மேல் அழுகல். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அவள் புருஷன் மூக்கன் வாயில்லாப் பூச்சி. சோறு தின்னும்போது கூடவே விலையையும் முழுங்கி முழுங்கிப் பழகியவர். அன்று அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து, ஒரு அழுகல் மூடியை எடுத்து அவள் முன்னால் நீட்டி, "இன்னா வெல சொல்லு பாக்கலாம்?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியின் இன்பத்தை அவர் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

இவர்களுக்கு ஒரே பெண், இசைவாணி. திருக்கோவிலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் வெற்றிவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பையன், நல்ல குடும்பம். அவன் அம்மா ஜெயம்மாளும் கெட்டவர் இல்லை. பழைய பொன்னி அரிசி தவிர வேறெதையும் உலையில் போடமாட்டார், அவ்வளவுதான். தலைதீபாவளிக்கு அவர்களெல்லாம் வந்தபோது இருசாயி தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். ஜெயம்மாள் ஒன்றைக் கடித்து, "மொறுமொறுன்னு நல்லா இருக்குதுங்க சம்மந்தி" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். இருசாயிக்கு நாக்கு நிற்கவில்லை. "இன்னா வெல சொல்லுங்க பாக்கலாம்?" என்று கேட்டு, பதில் வரும் முன்பே இரண்டு விரலைத் தூக்கிக்காட்டி, "கடையில ஒடஞ்சத எல்லாம் ஒரு பொட்டலமா கட்டி வெச்சிருந்தான்" என்று பெருமையாகச் சொன்னாள். ஜெயம்மாள் மீதி முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இசைவாணி எதைத் தொட்டாலும், "உங்கம்மா கணக்குல இது எத்தினி விரலு?" என்று ஒரு கேலி. சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். இசைவாணியும் சிரித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் அழுவாள்.

அவள் உண்டாகி, ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்புக்குத் தாய்வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு செய்து எடுத்துப்போக வேண்டும். ஜெயம்மாள் போனில் பக்குவமாக இன்னொன்றும் சொன்னார்: "எங்க பக்கத்துல கண்ணாடி வளையலோட ஒரு ஜோடி வெள்ளிக் காப்பும் போடுவாங்க. உங்களால முடிஞ்சா பாருங்க." அன்று மாலையே இசைவாணி புறப்பட்டு வந்துவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "சத்தியம் பண்ணு. அன்னிக்கி ஒரு நாளு வெல கேக்கக்கூடாது. வெல சொல்லக்கூடாது. கையத் தூக்கக்கூடாது" என்றாள். குழந்தை உள்ளே உதைத்தது இருசாயியின் உள்ளங்கையில் பட்டது. சத்தியம் செய்துகொடுத்தாள்.

செய்துகொடுத்தாளே தவிர, கையில் இருந்த பணத்துக்கு ஒன்று பொன்னி அரிசி வாங்கலாம், அல்லது வெள்ளிக் காப்பு வாங்கலாம். இரண்டும் நடக்காது. இருசாயி வெகுநேரம் யோசிக்கவில்லை. ரேஷனில் விலையில்லாமல் வந்த அரிசி வீட்டில் இருந்தது.

மூக்கன் பதறிப்போனார். "ரேஷன் அரிசியா? சம்மந்தி வூட்டுக்கா? மானம் போயிடும்டி. ஒடஞ்ச முறுக்குக்கே பொண்ணு இத்தினி நாளு பேச்சு வாங்கிக்கினு கெடக்குறா."

"யோவ், முப்பது வருசமா நீ தின்றது இன்னா அரிசி? எந்த மானம் போச்சி உனுக்கு? அரிசி மேல குத்தம் இல்ல, ஆக்கறவ மேலதான் குத்தம். நீ வேட்டியத் தொவச்சிக் காயப்போடு. அதான் உன் வேல."

வேட்டி எதற்கென்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. வளைகாப்பன்று விடியற்காலையில் விளங்கிற்று. இருசாயி அரிசியைப் பொறுக்கி, களைந்து, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிறவரை மறுபடி மறுபடி களைந்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். உலை கொதிக்கும்போது ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டாள். முக்கால் பதத்தில் வடித்து, மூக்கனின் ஒரே நல்ல வேட்டியில் கொட்டிப் பரப்பி, "விசிறு" என்றாள். அவர் அட்டையால் விசிற விசிற, ஆவி போய், சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தது. பிறகு வெள்ளிமலைப் புளியில் ஒரு சோறு, சந்தைத் தக்காளியில் ஒரு சோறு, வாசல் முருங்கையில் ஒரு சோறு என்று தனித்தனியே கிளறினாள். சர்க்கரைப் பொங்கலுக்கு ரேஷன் பச்சரிசியும், வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் உருண்டை பிடிக்காமல் சிதறிய வெல்லமும். எல்லாவற்றையும் அண்டாக்களில் மூடி ஷேர் ஆட்டோவில் ஏற்றியபோது, வாசனைக்குத் தெருவே எட்டிப்பார்த்தது.

திருக்கோவிலூரில் வீடு நிறையச் சனம். இசைவாணிக்குக் கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, கடைசியில் இருசாயி வெள்ளிக் காப்பை மாட்டினாள். ஜெயம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் வளையல் போட்டார்கள், இருசாயிக்கும் கைக்கு நாலு. பிறகு இலை விழுந்தது. ஏழு சோற்றையும் தாய்வீட்டார்தான் பரிமாறவேண்டும்.

முதல் கவளத்திலேயே இசைவாணிக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சோற்றில் வளர்ந்த நாக்கு. திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். இருசாயி அந்தப் பக்கமே திரும்பாமல், கரண்டியும் வாளியுமாக வெகு மும்முரமாக நடந்தாள்.

ஜெயம்மாள் புளிச்சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். இருசாயியின் கரண்டி வாளியிலேயே நின்றது. ஜெயம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வாய் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த அவர் ஓரகத்தி ஆண்டாள், "இது சீரகச் சம்பாவாக்கா?" என்றாள். "போடி, இது பழைய பொன்னி. வருசம் திரும்புன அரிசி. இத்தினி வருசமா ஆக்குறன், எனுக்குத் தெரியாதா?" என்றார் ஜெயம்மாள், அரிசிக்கே தாலி கட்டியவர் போல. முதலில் புளிச்சோறு தீர்ந்தது. பிறகு தேங்காய்ச்சோறு. முந்திரி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மல்லாட்டையைத்தான் தேடித் தேடிப் பொறுக்கித் தின்றார்கள்.

இருசாயியின் இடக்கை குறுகுறுத்தது. அதை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாழ்நாளிலேயே பெரிய வெற்றி கண்ணெதிரே ஐம்பது இலையில் கிடக்கிறது, ஒருத்தரிடமும் சொல்ல வழியில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சோற்று ஆவி என்று துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜெயம்மாள் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "சம்மந்தி, அரிசி எந்தக் கடையிலங்க எடுத்தீங்க? மூட்ட இன்னா வெல?"

பந்தி முழுக்க இருசாயியைப் பார்த்தது. அவள் மகளைப் பார்த்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு, முந்தானைக்குள் கையைப் புதைத்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவள் போல நின்ற அம்மாவை இசைவாணியும் பார்த்தாள். இத்தனை நாள் பின்கட்டில் அழுததெல்லாம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். திடீரென்று, சந்தனம் உதிர உதிரச் சிரித்துவிட்டாள். பெருமை தாங்காத சிரிப்பு.

"அத்த, நீங்களே சொல்லுங்க. இன்னா வெல சொல்லுங்க பாக்கலாம்?"

"ஆயிரத்தி ஐநூறு இருக்குமா?" என்றார் ஜெயம்மாள். "ஜாஸ்தி இருக்கும்க்கா" என்றாள் ஆண்டாள்.

இசைவாணி அம்மாவைப் பார்த்து, தூக்கு என்பது போல முகவாயை உயர்த்தினாள்.

முந்தானைக்குள்ளிருந்து இடக்கை வெளியே வந்தது. புது வளையல்கள் குலுங்க, தலைக்கு மேலே போய் நின்றது. ஜெயம்மாள் விரல் நீளுமென்று காத்திருந்தார். நீளவில்லை. முஷ்டியையே பார்த்தார், இலையைப் பார்த்தார், மறுபடியும் முஷ்டியைப் பார்த்தார்.

"ரேஷனா?"

இருசாயி ஆமென்று தலையாட்டினாள். மூக்கன் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயம்மாள் இலையில் மிச்சமிருந்த ஒரு பருக்கையை எடுத்து, மறுபடியும் நசுக்கிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தபடி, காலியான இலையை முன்னால் தள்ளினார். "அட எம்மா! தயிர்ச்சோறாவது மீதி இருக்குதா? இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க சம்மந்தி."

இருசாயி குனிந்து வலக்கையால் கரண்டி வழிய வழிய அள்ளி வைத்தாள். இடக்கை முஷ்டி இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது.